மொரப்பாக்கம் கோபாலன்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, வலங்கைமானில் நமது காரியாலயத்துக்கு ஒரு விவசாயி தம் குமாரனை அழைத்துக்கொண்டு வந்தார். நாம் பத்திரிகை நடத்துகிறோமாயினும் வக்கீல் தொழிலை அறவே கைவிட்டுவிடவில்லை. ஆதலால் வாய்க்கால் தகராறோ குத்தகைப் பாக்கியோ இருக்கும் என்று எண்ணிக் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டோம். விஷயம் அதுவன்று. பையன் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட்டும் ஆடுகிறான், ஹாக்கியும் ஆடுகிறான். இரண்டிலும் கெட்டிக்காரன். இரண்டு ஆட்டங்களுக்கும் உரிய பந்தயங்கள் ஒரே வாரத்தில் வந்து மோதிக்கொண்டன. ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று உபாத்தியாயர் சொல்லிவிட்டார். எதை விடுவது என்று நம்மைக் கேட்க வந்திருந்தார் தகப்பனார்.

சட்டப் புத்தகம் எதிலும் இதற்கு விதி கிடையாது. ஆனால் முன்தீர்ப்பு என்று சொல்லத்தக்க வழக்கு ஒன்று உண்டு. அதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். அதையே இங்கு நேயர்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

குடமுருட்டிக் கரையில் உள்ள நம் ஊரை வெளியூரார் இரண்டு காரணங்களால் அறிவார்கள். ஒன்று, பங்குனியில் பாடைக்காவடி எடுக்கும் மாரியம்மன் கோயில். மற்றொன்று, மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் இங்கே பிறந்தவர் என்பது. விளையாட்டின் பெயரால் நம் ஊரை யாரும் அறியமாட்டார்கள். நெல் விளையும் சீமையில் விளையாடுவதற்கு நிலம் எங்கே இருக்கிறது? சம்பா அறுவடை ஆவதற்குள்ளேயே நிற்கிற பயிரின் ஊடே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறோம். தெளிக்காமல் விட்ட மேட்டு வயல் ஒன்றிரண்டு அகப்பட்டால் அதில் பையன்கள் தாளைச் செதுக்கி மூன்று குச்சியை நட்டுவிடுகிறார்கள். பூப்பந்தாட்டத்தைத் தஞ்சை அரச குடும்பத்தார் ஆதரித்து வளர்த்ததாகப் பெருமை பேசுவோம். அதற்கு மேல் நம் ஜில்லாவின் விளையாட்டுச் சரித்திரத்தில் நாம் பேசத்தக்கது அதிகமில்லை. ஆகவே நாம் சொல்லப்போகும் வரலாறு செங்கற்பட்டுச் சீமையிலிருந்து வருகிறது.

மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் 1909-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜோஸ்யம் என்ற சொல் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தும், தம் வாழ்க்கையில் ஒரு முக்கியமான வருஷத்தின் பலனை அவரால் முன்கூட்டிக் கணிக்க முடியாமற் போயிற்று. அதைப் பின்னால் சொல்லுவோம். சிறு பிராயத்திலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியராக இருந்த அதே திருவல்லிக்கேணிதான். பார்த்தசாரதி ஸ்வாமி கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் பந்து உருளாத சந்து இல்லை என்று சொல்லும்படி அந்தப் பேட்டைக்குக் கிரிக்கெட்டில் அவ்வளவு மோகம். 1901-ல் ஏற்பட்ட திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில்தான் கோபாலனும் ஆடினார்.

சேப்பாக்கம் மைதானத்தைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை. அந்த மைதானம் வெள்ளைக்காரரின் சென்னை கிரிக்கெட் கிளப்புக்கு உரியதாக இருந்தது. அங்கே ஆட வந்த இந்தியர்கள் வெயிலில் ஆடலாம். ஆனால் கட்டிடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்து உண்ணலாகாது. மரத்தடியில்தான் அவர்களுக்குச் சாப்பாடு. இந்த அவமானத்தைப் பொறாமல் மோதவரப்பு வேங்கடமகிபதி நாயுடு என்ற புச்சிபாபு 1888-ல் இந்தியருக்கென்றே மதராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். இரு சாராரும் சமமாக நின்று மோதும் ஆட்டம் ஒன்று வேண்டும் என்று முயன்று, அது நடைபெறுமுன் 1908-ல் அவர் காலமானார். பின்பு பொங்கல் சமயத்தில் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் சேப்பாக்கத்தில் நடந்துவந்த மாகாண ஆட்டம் அவருடைய எண்ணத்தின் பலனே. வண்டி கட்டிக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பார்க்கச் சென்ற சென்னை ஜனங்கள் விளையாட்டை மாத்திரம் பார்க்கச் சென்றார்கள் என்று நாம் நம்பவில்லை. ஆளுவோருடைய விக்கெட் விழுவதைச் சட்டத்துக்கு விரோதமில்லாமல் கைதட்டிக் கொண்டாடுவதற்கு வருஷத்தில் வேறு எந்த நாளும் இருக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் ஐரோப்பியர் பக்கத்தில் முதன்மையாக ஆடியவர் ஸி. பி. ஜான்ஸ்டன். கேம்ப்ரிட்ஜிலும் கெண்ட் மாகாணத்துக்காகவும் ஆடிவிட்டு, பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகமாகச் சென்னைக்கு வந்தவர். கோபாலனுடைய பந்துவீச்சின் தரத்தைக் கண்டு, அவரை முன்னுக்குக் கொண்டுவந்து, தம் கம்பெனியிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தார். வெள்ளைக்காரர்களிடம் நமக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய பாக்கிகள் அநேகம் இருந்தன என்பதை நாம் ஒருபொழுதும் மறைத்தவர்களல்லர். ஆயினும் வரவையும் எழுதாத கணக்கு கணக்காகாது. திருவல்லிக்கேணியில் சொத்து சுகமில்லாத ஒரு பையனுக்கு மாதச் சம்பளமும், ஆடுவதற்கு வேண்டிய ஓய்வும் ஒருங்கே கிடைத்தது ஜான்ஸ்டன் செய்த காரியம். ராஜாக்களும் ஜமீன்தார்களும் கிரிக்கெட்டுக்குப் பணத்தை வாரி இறைத்த காலம் அது. ஆட்டக்காரன் வீட்டில் அடுப்பெரிவது எப்படி என்று அவர்களில் எத்தனை பேர் நினைத்தார்கள் என்று நாம் கேட்கலாமல்லவா?

கோபாலன் ஏறக்குறைய வேகமாகப் பந்து போடுபவர். புதுப் பந்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பக்கூடியவர். மட்டையும் ஓரளவு பிடிப்பார். பந்தைப் பிடிப்பதில் சமர்த்தர். ஹாக்கியில் அவர் நின்ற இடம் நடு அரைக்காப்பு. இது என்ன இடம் என்பதைச் சொன்னால்தான் அவருடைய திறமை விளங்கும். அந்நாளைய ஹாக்கியில் முன்னணியில் ஐவர். அவர்களுக்குப் பின் மூவர். அவர்களுக்கும் பின் இருவர். கடைசியில் கோல் காப்பவர். அந்த மூவரில் நடுவில் நிற்பவனுக்கு ஓய்வு என்பதே கிடையாது. எதிரியின் நடு முன்னணிக்காரனை மறிக்க வேண்டியவனும் அவனே. மறித்துப் பறித்த பந்தைத் தன் முன்னணியாருக்குக் கால் தாமதியாமல் வழங்க வேண்டியவனும் அவனே. கோல் போட்டவன் பெயர் பத்திரிகையில் வரும். பந்து கொடுத்தவன் பெயர் வராது. நமது வயல்களுக்கு உவமை சொல்லப்போனால், கதிரைத் தாங்கும் வேலையன்று அது. மடை திருப்பும் வேலை. ஓடிவந்து பந்து போடுவதற்கு வேண்டிய மூச்சும், ஹாக்கியில் எழுபது நிமிஷம் ஓயாது அங்குமிங்கும் ஓடுவதற்கு வேண்டிய மூச்சும் ஒன்றேயாகலாம். ஆனால் கண்ணும் கையும் பழக வேண்டிய விதம் இரண்டிலும் வேறு. கிரிக்கெட் மட்டையை நிமிர்த்தி வைத்து ஆட வேண்டும். ஹாக்கி மட்டைக்கு உடம்பைக் குனிந்து ஆட வேண்டும். இரண்டையும் உயர்ந்த தரத்தில் ஒருவர் செய்வது அபூர்வம்.

உலகத்தில் இத்தகையவர் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் ஸி. பி. ஃப்ரை கிரிக்கெட்டும் கால்பந்தும் தம் நாட்டுக்காக ஆடியதோடு நீளத் தாண்டுதலிலும் உலகப் புகழ் பெற்றார். ஜே. டபிள்யூ. எச். டி. டக்ளஸ் 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டுப் பின் இங்கிலாந்து கிரிக்கெட் கோஷ்டிக்குத் தலைவரானார். ஆனால் அவர்கள் வசதியும் ஓய்வும் வாய்த்த வகுப்பைச் சேர்ந்தவர்கள். எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் செய்தவர் நம்மவர்.

1933-34-ஆம் வருஷப் பருவத்தில் ஜார்டினுடைய இங்கிலீஷ் கோஷ்டி இந்தியாவுக்கு வந்தது. நம் மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயங்கள் அவை. பம்பாயில் அமர்நாத் நூறு அடித்துத் தேசத்தையே குதூகலிக்கச் செய்தார். கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஜனவரி 5-ந் தேதி தொடங்கிய இரண்டாவது டெஸ்டில் ஸி. கே. நாயுடுவின் தலைமையில் கோபாலன் சேர்க்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து நான்கு. முதல் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 11 ரன், இரண்டாவதில் 7. பந்து போட்டு ஒரு விக்கெட். பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் முதன்முதலாக டெஸ்ட் பந்தயம் நடந்தபொழுது கோபாலனுடைய பெயர் கோஷ்டியில் இல்லை. தம் ஊரில், தாம் தினந்தோறும் பந்து போட்டுப் பழகிய தரையில், அவர் பார்வையாளராயிருக்க நேரிட்டது. அமர் சிங் அங்கே 86 ரன்களுக்கு ஏழு விக்கெட் எடுத்தும் நாம் 202 ரன்னில் தோற்றோம். கல்கத்தாவில் ஆடியதே கோபாலனுடைய முதல் டெஸ்ட். கடைசி டெஸ்டும் அதுவே என்று அன்று யாருக்குத் தெரியும்?

அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் நடந்ததை மாத்திரம் யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ரஞ்சி கோப்பைக்குரிய முதல் ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும் அங்கே தொடங்கிற்று. அதன் முதற் பந்தை வீசியவர் கோபாலன். எதிர்கொண்டவர் கர்டிஸ் என்னும் மைசூர் ஆட்டக்காரர். இத்தேசத்தின் மாகாணங்கள் சுதேச சமஸ்தானங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மோதும் பெரிய பந்தயத்தொடர் இன்றுவரை நடந்துவருகிறது. அதில் வீசப்பட்ட லக்ஷோபலக்ஷம் பந்துகளுக்கு முந்திய பந்து அது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று. மைசூர் 48-ம் 59-ம் எடுத்தது, சென்னை 130. அன்று பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ. ஜி. ராம் சிங். அவருக்கு ஓர் அதிகாரபூர்வமான டெஸ்ட் ஆட்டங்கூடக் கிட்டவில்லை என்பதையும் இங்கு குறித்து வைக்கிறோம். சென்னைக்குத் தேர்வுக் குழுக்களிடம் உள்ள மனஸ்தாபம் இன்று நேற்று ஏற்பட்டதன்று.

1935-ல் ஹாக்கி அவரைக் கடல் கடந்து அழைத்தது. இந்திய ஹாக்கி சம்மேளனம் நியூஜிலாந்துக்கு ஒரு கோஷ்டியை அனுப்பிற்று. மானாவதார் நவாப் தலைமை ஏற்கவில்லையாதலால் தியான் சந்த் தலைவரானார். கோபாலனும் அக்கோஷ்டியில் ஒருவர். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடிய ஆட்டங்களையும் சேர்த்து மொத்தம் நாற்பத்தெட்டு ஆட்டங்கள். நமது கோஷ்டி போட்ட கோல்கள் 584, வாங்கியவை 40. அவற்றில் தியான் சந்த் ஒருவரே 201 கோல் போட்டார். இந்தக் கணக்கைப் படிக்கும்பொழுது நாம் முன் சொன்ன மடை திருப்பும் வேலையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னிருந்து பந்து வராமல் முன்னணியார் கோல் போட முடியாது. தியான் சந்த், அவருடைய தம்பி ரூப் சிங் ஆகியவர்களுக்குப் பின்னால் நின்று ஆடத் தக்கவராக மதிக்கப்பட்டார் என்பதைக் காட்டிலும் ஒரு ஹாக்கிக்காரருக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் வேண்டியதில்லை.

இனி 1936-ஆம் வருஷம். அவ்வருஷக் கோடையில் இந்தியாவிலிருந்து இரண்டு கோஷ்டிகள் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டன. ஒன்று, இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் கோஷ்டி. மற்றொன்று, பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் ஹாக்கிக் கோஷ்டி. கோபாலனுக்கு இரண்டிலும் இடம் கிடைக்கும் தகுதி இருந்தது. இரண்டிலும் செல்ல இயலாது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஒலிம்பிக் ஹாக்கித் தேர்வாட்டங்களை விட்டுக் கப்பலேறினார்.

இந்த முடிவைத் தவறு என்று சொல்லாதவர் இல்லை. பின்னால் நடந்தவற்றை அறிந்துகொண்டு முன்னால் நடந்ததற்குத் தீர்ப்பளிப்பது சுலபம். நீதிமன்றத்தில் அவ்விதம் வாதிக்கிற வக்கீலை நீதிபதி உட்காரச் சொல்லிவிடுவார். அன்றைய தினத்தில் அவர் முன் இருந்த சாட்சியம் என்ன என்றுதான் பார்க்க வேண்டும். ஹாக்கியில் இந்தியா 1928-லும் 1932-லும் ஒலிம்பிக் சாம்பியன். லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-க்கு 1 என்ற கணக்கில் அடித்திருந்தது. ஆகவே பெர்லினுக்குச் சென்றால் தங்கம் ஏறக்குறைய நிச்சயம். அதற்கு மாறாகக் கிரிக்கெட்டில் நாம் இங்கிலாந்தை ஒரு டெஸ்டில்கூட வென்றதில்லை. இலாபத்தை மட்டும் பார்க்கிற மனிதன் ஹாக்கிக்கே போயிருப்பான். ஆனால் கோபாலன் ஒரே ஒரு டெஸ்ட் ஆடிவிட்டுச் சொந்த ஊர் டெஸ்டில் விலக்கப்பட்டவர். இங்கிலாந்தின் பசும்புல் தரையும் ஈரக் காற்றும் அவரைப் போன்ற பந்துவீச்சாளருக்குச் சாதகமானவை. அங்கே மூன்று டெஸ்டுகள் காத்திருந்தன. மேலும் அவருக்குச் சோறு போட்ட உத்தியோகம் கிரிக்கெட்டின் வழியாக வந்தது. இவற்றில் எது அவருடைய மனத்தில் மேலோங்கி நின்றது என்பது அவரோடு போன விஷயம். நாம் சொல்லுவது இவ்வளவே: அந்த நாளில், அந்தச் சாட்சியத்தின்மேல், அது மூடத்தனமான முடிவன்று.

ஆனால் இதே சாட்சியத்தில் நம் அனைவருக்கும் எதிரான ஓர் அம்சம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. உலகத்தில் எவரும் நம்மை எதிர்த்து நிற்க முடியாத ஆட்டம் ஹாக்கி. அதற்கு ராஜாக்களின் ஆதரவும் இல்லை, பணமும் இல்லை. 1932-ல் கடன் வாங்கி, வழியெல்லாம் காட்சி ஆட்டங்கள் ஆடிப் பணம் சேர்த்துத்தான் அமெரிக்கா போய் வந்தார்கள். நாம் தோற்றுக்கொண்டேயிருந்த ஆட்டம் கிரிக்கெட். அதற்கோ மகாராஜாக்களின் போட்டாபோட்டியும், பத்திரிகைகளின் பத்தி பத்தியான வர்ணனையும். ஆளுவோன் எதை உயர்ந்த ஆட்டம் என்று கருதினானோ அதையே நாமும் உயர்ந்தது என்று கருதினோம். சுதேசித் துணி உடுத்தவர்களிலும் அநேகர் இவ்விஷயத்தில் விதேசிக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தார்கள். கோபாலன் எந்தத் தராசில் தம் இரண்டு ஆட்டங்களையும் நிறுத்துப் பார்த்தாரோ, அந்தத் தராசின் முள்ளை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது தேசமே.

கிரிக்கெட் கோஷ்டியின் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமாரர். ஆட்டத் திறமையினால் அவர் தலைவரானார் என்று அன்றும் எவரும் சொல்லவில்லை, இன்றும் சொல்வாரில்லை. ஸி. கே. நாயுடு போன்றவர் கீழேயிருந்து கட்டளை கேட்க வேண்டியதாயிற்று. கோஷ்டிக்குள் கட்சி, கட்சிக்குள் கட்சி. முதல் டெஸ்டுக்கு முன்பே ஜூன் மாதத்தில் அமர்நாத்தைக் கீழ்ப்படியாமைக் குற்றம் சாட்டி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். சுற்றுப்பிரயாணத்தின் நடுவில் மகாராஜகுமாரருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. கோஷ்டிக்குக் கிடைத்தது மூன்று டெஸ்டுகளில் இரண்டு தோல்வி. கோபாலனுக்கு ஒரு டெஸ்டிலும் இடமில்லை. நிஸ்ஸார் இருந்தார், லங்காஷயர் லீகில் ஆடிக்கொண்டிருந்த அமர் சிங்கை டெஸ்டுகளுக்கு அழைத்துக்கொண்டார்கள், கேம்ப்ரிட்ஜில் படித்த ஜஹாங்கீர் கான் அங்கேயே இருந்தார். இவர்களோடு போட்டியிட்டு இடம் பெறுவது எவருக்கும் எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடல் கடந்து சென்றவர் ஒரு கோடை முழுவதும் மாகாண ஆட்டங்கள் சிலவற்றை மட்டும் ஆடிவிட்டுப் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் மாதம் 15-ந் தேதி சனிக்கிழமை. லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கிற்று. ஹாமண்டும் வொர்திங்டனும் சேர்ந்து 266 ரன் அடித்தார்கள். ஹாமண்ட் மட்டும் 217. அதே தினம் பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம். முந்தின நாள் மழையினால் ஒத்திவைக்கப்பட்டிருந்தது அது. ஒரு மாதத்துக்கு முன் பழக்க ஆட்டமொன்றில் ஜெர்மானியர் நம்மவரை 4-க்கு 1 என்று தோற்கடித்திருந்ததனால் நம்மவருக்கு உள்ளூர அச்சம். ஆட்டத்துக்குப் போகுமுன் உடை மாற்றும் அறையில், பங்கஜ் குப்தா மறைத்துக் கொண்டுவந்திருந்த காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்தார். எல்லோரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டு மைதானத்தில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரால் ஆட வந்தவர்கள் அவர்கள். பாதி ஆட்டத்தில் ஒரு கோல்தான். முடிவில் எட்டுக்கு ஒன்று. அந்த ஒலிம்பிக்கில் நமக்கெதிராக விழுந்த ஒரே கோல் அந்த ஒன்றுதான். சரியாகப் பதினோரு வருஷம் கழித்து அதே தேதியில் அந்தக் கொடியின் வர்ணங்கள் உயர்ந்ததை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

அன்று கோபாலன் இங்கிலாந்துக் கோஷ்டியோடு இருந்தார். அந்த அறையில் அவர் இல்லை. தங்கப் பதக்கத்தை இழந்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கொடியை வணங்கிய பதினொருவரில் ஒருவராயிருக்கும் பாக்கியத்தை இழந்தார் என்பதே பெரிய நஷ்டம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதே கிரிக்கெட் கோஷ்டியில் சென்னையிலிருந்து சென்ற மற்றொருவரின் கதையையும் சொல்லாமல் விடலாகாது. கோட்டா ராமஸ்வாமி, நாம் முன் கூறிய புச்சிபாபுவின் கடைசிக் குமாரர், தாய்வழிப் பாட்டனார் வீட்டுக்கு ஸ்வீகாரம் போனபடியால் கோட்டா என்ற பெயர். இவரும் இரண்டு ஆட்டக்காரரே. 1922-ல் டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடியவர். பிறகு சர்க்கார் விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். 1936-ல் அவருக்கு வயது நாற்பது. உடம்பு கனத்து, தலை நரைக்கும் வயதில், மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40-ம் 60-ம் அடித்தார். ஓவலில் 29-ம், ஆட்டமிழக்காமல் 41-ம். ஒரே கப்பலில் சென்ற இரண்டு சென்னைக்காரரில் நாற்பது வயதுக்காரருக்கு வாய்த்தது, இருபத்தேழு வயதுக்காரருக்கு வாய்க்கவில்லை. ராமஸ்வாமியின் முடிவும் விநோதமானது. 1985-ல் ஒரு நாள் அடையாற்றிலுள்ள வீட்டை விட்டு வெளியே சென்றவர் திரும்பவில்லை.

கோபாலனுக்கு இன்னொரு தவணை கிடைத்திருக்கலாகாதா என்று கேட்கலாம். உலக யுத்தம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1940, 1944-ஆம் வருஷ ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவே இல்லை. அடுத்த ஒலிம்பிக் 1948-ல் வந்தபொழுது அவருக்கு முப்பத்தொன்பது வயது. கிரிக்கெட்டிலும் 1936-க்குப் பிறகு 1946 வரையில் இந்தியா டெஸ்ட் ஆடவில்லை. ஒரே வருஷத்தில் எடுத்த ஒரே முடிவினால் இரண்டு கதவுகளும் சாத்தப்பட்டுவிட்டன. ஒன்றை அவரே சாத்தினார். மற்றொன்றை ஹிட்லர் சாத்தினான்.

அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. இதுதான் நமக்கு அவரிடம் மிகவும் பிடித்த பகுதி. ரஞ்சி கோப்பைக்காகச் சென்னையின் சார்பில் 1950-க்குப் பிறகும் ஆடினார், தலைமையும் வகித்தார். முதல் தர ஆட்டங்களில் அவர் வீழ்த்தியவை இருநூறுக்குச் சற்றே குறைந்த விக்கெட்டுகள். சென்னை கோஷ்டி ரஞ்சி கோப்பையை முதன்முதலாக 1954-55-ல் வென்றபொழுது அவர் அதில் இல்லை. அந்தக் கோப்பையின் முதற் பந்தை வீசியவர் அதைக் கையில் ஏந்தாமலே ஓய்வு பெற்றிருந்தார். ஐம்பதுகளில் தேசத் தேர்வுக் குழுவிலும் இருந்தார். தேர்வில் விடப்பட்டவனுடைய மனம் இன்னதென்று அறிந்த தேர்வாளர் ஒருவராவது அக்குழுவுக்குக் கிடைத்தார்.

அவர் முதல் தர ஆட்டத்தில் இருபத்தைந்து வருஷம் பூர்த்தி செய்ததை முன்னிட்டு, சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53-ல் அவர் பெயரால் ஒரு கோப்பை ஏற்பட்டது. ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் கொழும்பில் என்று கடலின் இருகரையிலும் அது நடந்து வந்தது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981-ல்தான். அதற்கு முன் மூன்று பத்தாண்டுகள், அந்நாட்டு ஆட்டக்காரருக்குத் தவறாமல் கிடைத்துவந்த வெளிநாட்டுப் பந்தயங்களில் முக்கியமானது கோபாலன் கோப்பை. ஒரு டெஸ்டோடு நின்றுபோன மனிதருடைய பெயரால் ஒரு தேசமே டெஸ்டுக்குப் பழகிக்கொண்டது.

2003-ஆம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி, தொண்ணூற்று நான்காவது வயதில், சென்னையில் அவர் காலமானார். அச்சமயம் உயிருடனிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் உலகத்திலேயே மூத்தவர் அவர். எவ்வளவோ பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கிட்டாத அந்த முதன்மை, ஒரே டெஸ்டில் பதினெட்டு ரன்னும் ஒரு விக்கெட்டும் எடுத்தவருக்குக் கிட்டிற்று.

இவ்வளவையும் நமது கட்சிக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் ஹாக்கி இறுதியாட்டத்தைச் சொன்ன இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தகப்பனார் கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர் கடல் கடந்து போய் மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தாரே, அந்த எண்ணெய்க் கம்பெனியில் சம்பளம் கொடுத்தார்களா என்று. வேலை நிலைத்தது என்று மட்டும் சொன்னோம். அது போதும் என்பதுபோல் தலையசைத்துவிட்டு, உபாத்தியாயரைப் பார்த்துப் பந்தயத் தேதிகளில் ஒன்றைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்கும்படி நம்மிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு புறப்பட்டார். கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை.